ரூபாயின் வாக்கு

பத்தாண்டு நிறைவு மலருக்குக் கவிதைகளும் திறனாய்வுகளும் வேண்டிய அளவு வந்துவிட்டன, வரலாற்றுக் கட்டுரை ஒன்று தேவை என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது, பணத்தைப் பற்றி எழுதித் தருகிறேன் என்றேன். கவிஞர் கூடும் மன்றத்தில் பணத்துக்கு என்ன வேலை என்று ஒருவர் சிரித்தார். வேலை இருக்கிறது. 'நாணயம்' என்னும் ஒரே சொல் நம் மொழியில் அச்சிட்ட காசையும் குறிக்கிறது, சொன்ன சொல்லைக் காப்பாற்றும் பண்பையும் குறிக்கிறது. ஒருவரை நாணயமானவர் என்று நாம் சொல்லும்போது அவருடைய மடியில் இருக்கும் காசை நினைப்பதில்லை. ஆயினும் இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் வந்து தங்கியது வெறும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. வெள்ளியால் ஆனாலும் தாளால் ஆனாலும் பணம் என்பது அடிப்படையில் ஒரு வாக்கு. அந்த வாக்கை யார் கொடுத்தார், அவரை யார் தட்டிக் கேட்க முடிந்தது என்பதைப் பொறுத்தே ஒரு நாட்டில் உண்டவர் யார், உண்ணாதவர் யார் என்பதும் முடிவாகியிருக்கிறது. நம் ரூபாய் 1893 முதல் 1948 வரை பட்ட பாட்டைக் கொண்டு இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

என் பாட்டி ரூபாயைச் சுண்டிப் பார்த்து, ஓசை கேட்டுத்தான் வாங்குவாளாம். நோட்டை அவள் நோட்டு என்று சொன்னதில்லை, 'காகிதம்' என்பாள். அவளுடைய பெட்டியில் ஐந்தாம் ஜார்ஜ் தலை பொறித்த வெள்ளி ரூபாய் ஒன்று கடைசி வரை இருந்தது. அதுதான் மெய்யான பணம் என்பது அவள் கட்சி. அந்த வெள்ளி ரூபாயும் அவள் பிறப்பதற்கு முன்பே ஒருவகையில் காகிதமாகிவிட்டிருந்தது என்பதை அவளுக்கு எடுத்துச் சொல்லும் அறிவு அப்போது எனக்கு இல்லை.

ரூபாய்க்கு முந்திய சென்னையில் கணக்கு வேறு. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன், ஒரு வராகன் மூன்றரை ரூபாய் என்பது கும்பெனியார் காலத்து வாய்பாடு. பணம் என்பது அன்று ஒரு சிறு நாணயத்தின் பெயர். இன்று அந்த வகை முழுவதற்கும் அதுவே பெயர். காசு என்னும் நம் சொல் போர்த்துக்கீசியர் வாய்வழியாகச் சென்று, சிறு நாணயத்தைக் குறிக்கும் 'கேஷ்' என்ற ஆங்கிலச் சொல்லாயிற்று. 1818இல் சென்னை மாகாணத்தில் வராகனின் இடத்தை வெள்ளி ரூபாய் பிடித்தது. 1835ஆம் ஆண்டுச் சட்டம் கும்பெனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் 180 கிரெய்ன் எடையுள்ள, பன்னிரண்டில் பதினொரு பங்கு தூய வெள்ளி கொண்ட ஒரே ரூபாயை ஏற்படுத்தியது. 180 கிரெய்ன் என்பது ஒரு தோலா.

அந்த ஏற்பாட்டில் ஒரு முக்கியமான கூறு இருந்தது. வெள்ளி வைத்திருக்கும் எவரும் அதை அக்கசாலைக்குக் கொண்டுபோய்ச் சிறு கூலி கொடுத்து ரூபாயாக அடித்து வாங்கிக்கொள்ளலாம். (சென்னை அக்கசாலை 1869இல் மூடப்பட்டது, தங்கசாலைத் தெரு என்ற பெயர் மட்டும் நிற்கிறது. அதன்பின் கல்கத்தாவும் பம்பாயுமே கதி.) ஆகவே நாட்டில் எவ்வளவு பணம் புழங்க வேண்டும் என்பதை எந்த அதிகாரியும் தீர்மானிக்கவில்லை. வெள்ளி வந்தால் ரூபாய் பெருகும், வராவிட்டால் இல்லை. காலில் கிடந்த தண்டையும் கையில் கிடந்த காப்பும் ஏறக்குறைய அவற்றின் எடைக்கு ரூபாய்தான். 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தில் மக்கள் தங்கள் வெள்ளி நகைகளை விற்றுத் தானியம் வாங்கினர். சாராப்புக்காரர்களின் கைமாறி அந்த நகைகள் அக்கசாலை சேர்ந்து ரூபாயாயின. ஏழைக் குடும்பத்தின் வங்கி அதன் பெண்களின் உடம்பில் இருந்தது.

1870களில் ஜெர்மனி வெள்ளியை விட்டுத் தங்கத்துக்கு மாறியது. பிற நாடுகளும் அவ்வழியே சென்றன. உலகச் சந்தையில் வெள்ளி குவிந்து அதன் விலை சரிந்தது. வெள்ளியாலான ரூபாயின் வெளிமதிப்பும் உடன் சரிந்தது. 1870களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 2 ஷில்லிங் பெற்ற ரூபாய், 1893 வாக்கில் 1 ஷில்லிங் 3 பென்ஸுக்கும் கீழே இறங்கியது. இதனால் நொந்தவர் யார்? உள்நாட்டு உழவருக்கு உடனடிக் கேடு அதிகம் இல்லை. ஏற்றுமதி செய்தவர்களுக்கு ஆதாயம்கூட உண்டு. நொந்தது இந்திய அரசாங்கம். இலண்டனில் இருந்த இந்தியா அலுவலகச் செலவு, ஓய்வுபெற்ற ஆங்கில அதிகாரிகளின் ஓய்வூதியம், இரயில்வேக் கடன் வட்டி ஆகியவற்றுக்காக ஆண்டுதோறும் சுமார் 1 கோடியே 60 இலட்சம் பவுண்டு அது இங்கிலாந்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ரூபாய் 2 ஷில்லிங்காக இருந்தால் அதற்கு 16 கோடி ரூபாய் போதும். 1 ஷில்லிங் 3 பென்ஸ் என்றால் 25 கோடிக்கு மேல் வேண்டும். வாங்கும் சம்பளத்தை ஊருக்கு அனுப்பும் ஆங்கில அதிகாரிகளும் முணுமுணுத்தனர்.

ஹெர்ஷல் பிரபு தலைமையில் ஒரு குழு கூடி ஆராய்ந்தது. 1893 ஜூன் 26 அன்று பொதுமக்களின் வெள்ளிக்கு அக்கசாலைக் கதவுகள் மூடப்பட்டன. இனி அரசாங்கம் அடித்தால்தான் ரூபாய். வெள்ளி மேலும் மலிந்துகொண்டே போக, ரூபாய் மட்டும் செயற்கையான அருமையால் ஏறி 1898இல் 1 ஷில்லிங் 4 பென்ஸை எட்டியது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் தங்க சவரன் 15 ரூபாய்க்குச் சட்டப்படி செல்லும் என்று அறிவித்தார்கள். நம் தட்டார்கள் இன்றும் 8 கிராமை ஒரு பவுன் என்பது அந்த சவரனின் எடையிலிருந்து வந்த வழக்கு.

நாணய வரலாற்று நூல்கள் இதை ஒரு திறமையான சீர்திருத்தமாக எழுதிச் செல்லும். தண்டையையும் காப்பையும் வைத்துக் கணக்குப் பார்த்தால் வேறொன்று தெரியும். 1898இல் இலண்டன் வெள்ளி விலைப்படி, ஒரு ரூபாயில் அடங்கிய வெள்ளியின் மதிப்பு ஏறக்குறைய 10 அணாதான். அதாவது ஒரு ரூபாய் எடைக்கு ரூபாயாக மாற்றக்கூடியதாயிருந்த தண்டை, இப்போது 10 அணாவுக்கு விலைபோயிற்று. 1896-97இலும் 1899-1900இலும் பெரும்பஞ்சங்கள் வந்தன. சேமிப்பை விற்க வேண்டிய வேளையில் சேமிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மறைந்திருந்தது. யாரும் திருடவில்லை; எடையும் குறையவில்லை. ஒரு சட்டம் வெள்ளியையும் ரூபாயையும் பிரித்துவிட்டது, அவ்வளவே. ரூபாயின் மதிப்பைச் செயற்கையாக உயர்த்துவது சொல்லாமல் வரியை உயர்த்துவதே என்று தாதாபாய் நவ்ரோஜி அன்றே வாதிட்டார். வரி அதே ரூபாய்க் கணக்கில்தான் இருந்தது; அந்த ரூபாயைப் பெற உழவர் விற்க வேண்டிய விளைபொருள்தான் கூடியது.

ஆக, 1893க்குப் பின் அடித்த ரூபாய் வெள்ளித்தட்டில் எழுதிய ஒரு சீட்டு. உள்ளே 10 அணா உலோகம், மீதி 6 அணா அரசாங்கத்தின் சொல். இதை முதலில் தெளிவாக உணர்ந்து எழுதியவர்களில் ஒருவர் ஜான் மேனார்ட் கீன்ஸ். பின்னாளில் பேரியல் பொருளாதாரம் என்னும் துறைக்கே வித்திட்ட இவர், இளமையில் இலண்டன் இந்தியா அலுவலகத்தில் 1906 முதல் 1908 வரை எழுத்தராகப் பணிபுரிந்தவர். அவருடைய முதல் நூல் 1913இல் வெளியான 'இந்தியச் செலாவணியும் நிதியும்'. தங்கம் கையில் புழங்காமல், வெளிநாட்டுக் கொடுக்கல் வாங்கலுக்கு மட்டும் தங்கத்தோடு பிணைக்கப்பட்ட இந்த ரூபாய் ஏற்பாடு மிக நவீனமானது, சிக்கனமானது என்பது அவர் கருத்து. பத்தாண்டு கழித்து, 1923இல், இலண்டன் பொருளியல் பள்ளியில் பயின்ற ஓர் இந்தியர் 'ரூபாயின் சிக்கல்' என்ற ஆய்வுநூலில் அதற்கு மறுப்பு எழுதினார். அவர் அம்பேத்கர். அவரது வாதத்தை இப்படிச் சுருக்கலாம்: உள்ளே இருக்கும் உலோகத்தின் மதிப்பைவிட மேலான மதிப்புடைய ரூபாயை எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கும் உரிமையை ஆட்சியாளரிடம் விட்டுவைத்தால், அவர்கள் அதைப் பயன்படுத்தவே செய்வார்கள், விலைவாசி ஏறும், ஏறும் விலையைச் சுமப்பவர் கூலிக்காரரும் ஏழைகளும். அந்நியச் செலாவணியில் ரூபாய் எத்தனை பென்ஸ் என்பதைக் காட்டிலும், சந்தையில் ரூபாய்க்கு எத்தனை படி அரிசி என்பதே அவருக்கு முதற்கேள்வி. கீன்ஸின் மேதைமை குறித்து எனக்கு ஐயமில்லை. ஆனாலும் இந்த வழக்கில் நான் அம்பேத்கர் பக்கம்.

சொல் சொல்லாகவே நிற்குமா என்று சோதித்துப் பார்த்தது முதல் உலகப்போர். வெள்ளியின் விலை இப்போது மேலே பாய்ந்தது. அவுன்ஸுக்கு 43 பென்ஸ் என்ற எல்லையைத் தாண்டினால், 16 பென்ஸ் ரூபாயை உருக்கி விற்பதே ஆதாயம். 1917இல் அந்த எல்லை கடந்துபோயிற்று. அவ்வாண்டு நவம்பர் 30 அன்று இந்தியாவின் முதல் ஒரு ரூபாய் நோட்டு வெளிவந்தது. அதில் ஐந்தாம் ஜார்ஜ் தலையுடைய வெள்ளி ரூபாயின் படத்தையே அச்சிட்டிருந்தனர். நாணயம் இல்லாத குறையை நாணயத்தின் படம் தீர்த்துவைக்கும் என்ற நம்பிக்கை போலும். 1918 வசந்தத்தில் பிரான்சுப் போர்முனையில் ஜெர்மானியர் முன்னேறிய செய்தி இங்கே எட்டியதும், பம்பாயிலும் பிற இடங்களிலும் மக்கள் நோட்டை நீட்டி வெள்ளியைக் கேட்டனர். ஜூன் மாதத் தொடக்கத்தில் அரசாங்கத்தின் கையிருப்பில் சுமார் 4 கோடி வெள்ளி ரூபாய்களே எஞ்சியிருந்தன. 'கேட்டவுடன் கொடுப்பேன்' என்ற வாக்கு இன்னும் சில நாளில் பொய்யாகியிருக்கும். காப்பாற்றியது அமெரிக்கா. அவ்வாண்டு ஏப்ரலில் நிறைவேறிய பிட்மன் சட்டத்தின்படி, தன் கருவூலத்து வெள்ளி டாலர்களை உருக்கி 20 கோடி அவுன்ஸ் வெள்ளியை இந்தியாவுக்கு விற்றது. கப்பல்கள் வந்தன, நோட்டு பிழைத்தது.

போருக்குப் பின் நடந்த மாற்றுவீதச் சண்டைகளை விரித்துரைக்கத் தேவையில்லை. 1920இல் ரூபாயை 2 ஷில்லிங்கில் நிறுத்த முயன்று பெரும் நட்டத்தோடு கைவிட்டனர். 1927இல் 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று சட்டமாக்கினர். 1 ஷில்லிங் 4 பென்ஸே போதும் என்று புருஷோத்தமதாஸ் தாகூர்தாஸ் எழுதிய மறுப்புக்குறிப்பு பயன்படவில்லை. 1931இல் இங்கிலாந்து தங்கத்தைக் கைவிட்டபோது, ரூபாய் அதே விகிதத்தில் ஸ்டெர்லிங்கோடு கட்டப்பட்டது. 1935 ஏப்ரல் 1 அன்று ரிசர்வ் வங்கி தொடங்கியது. அதன் சட்டத்தில் ஒரு விதியை மட்டும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: நோட்டு வெளியிடுவதற்கு ஈடாகத் தங்கத்தோடு ஸ்டெர்லிங் பத்திரங்களையும், அதாவது இங்கிலாந்து அரசாங்கத்தின் கடன்சீட்டுகளையும், கொள்ளலாம் என்பது அது. அன்று பெரிதாகத் தோன்றாத இவ்விதி எட்டாண்டில் எவ்வளவு பெரிதாயிற்று என்பதுதான் இக்கதையின் நடுப்பகுதி.

இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியா இந்தியாவில் துணி, தோல், எஃகு, தானியம், மரம் என எல்லாவற்றையும் தன் படைகளுக்காக வாங்கியது. விற்றவர்களுக்கு ரூபாய் கொடுக்கப்பட்டது. பிரித்தானியா தன் பங்குக்கு இலண்டனில் ரிசர்வ் வங்கியின் கணக்கில் ஸ்டெர்லிங் தொகையை எழுதிவைத்தது. அந்த எழுத்தை ஈடாகக் காட்டி ரிசர்வ் வங்கி இங்கே நோட்டு அச்சடித்தது. 1939இல் புழக்கத்தில் இருந்த நோட்டுகள் ஏறக்குறைய 180 கோடி ரூபாய். போர் முடிந்தபோது அது ஆறு மடங்குக்கு மேல். சட்டப்படி ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு நோட்டுக்கும் வேண்டிய அளவுக்கு மேலாகவே ஈடு இருந்தது. ஈடு இலண்டனில் இருந்தது, பண்டம் போர்முனைக்குப் போயிருந்தது, நோட்டு மட்டும் இங்கே இருந்தது. நாட்டில் மீந்த நெல்லையும் துணியையும் அந்த ஆறு மடங்கு நோட்டுகள் துரத்தின. பணத்துக்கு ஈடு அதன் பெட்டகத்தில் இருக்கிறது என்று நம்புகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது. வாங்குவதற்குப் பண்டம் இருக்கிறதா என்பதே ஈடு. பம்பாய்ப் பேராசிரியர் சி. என். வகீல் முதலிய பொருளியலறிஞர்கள் 1943இலேயே இதைப் பணவீக்கம் என்று பெயர் சொல்லி எச்சரித்தனர்.

அரசாங்கம் ஒன்று செலவு செய்ய மூன்று வழி உண்டு: வரி வாங்கலாம், கடன் வாங்கலாம், அச்சடிக்கலாம். முதல் இரண்டில் யார் கொடுக்கிறார் என்பது ஏட்டில் பதிவாகும். மூன்றாவதில் பதிவாகாது. கையில் ஏறும் வருமானம் உடையவர் தப்பித்துக்கொள்வார். நேற்றைய கூலியே இன்றும் வாங்குபவர் தம் உணவில் ஒரு பங்கை அறியாமலே கொடுத்துவிடுவார்.

வங்கத்தில் அதுதான் நடந்தது. கல்கத்தாவில் 1942 டிசம்பரில் மணங்கு 13, 14 ரூபாயாக இருந்த அரிசி, 1943 மே மாதம் 30 ரூபாயையும் ஆகஸ்டில் 37 ரூபாயையும் எட்டியது. 1945இல் அறிக்கை தந்த பஞ்ச விசாரணைக் குழு இறந்தோர் 15 இலட்சம் என்றது. பிற்கால மதிப்பீடுகள் 30 இலட்சம் வரை செல்கின்றன. பர்மா அரிசி நின்றது, மேதினிப்பூரில் புயல் அடித்தது, படகுகளைப் பறிமுதல் செய்தனர், மாகாணங்கள் தத்தம் எல்லையை அடைத்துக்கொண்டன, பதுக்கல் நடந்தது. இவை யாவும் மெய். ஆனால் அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட 'வறுமையும் பஞ்சங்களும்' நூலில் காட்டிய கணக்கு இன்னும் உறுத்துவது: 1943இல் வங்கத்தில் கிடைத்த உணவு, முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட 5 விழுக்காடு அளவே குறைவு, பஞ்சமே வராத 1941ஐவிட அதிகம். அந்தப் புள்ளிவிவரங்களை ஏற்காத ஆய்வாளரும் உண்டு. எனினும், செத்தவர்களில் மிகுதியானோர் நாட்டுப்புற வேளாண் கூலிகளும் மீனவர்களும் சிறு கைத்தொழிலாளரும் என்பதில் சர்ச்சை இல்லை. போர்த்தொழிற்சாலைகளின் பணியாளருக்கு நகரத்தில் மலிவு விலை அரிசி கொடுக்கப்பட்டது. நோட்டு எந்த வழியில் பாய்ந்ததோ அந்த வழியில் அரிசியும் சென்றது.

என் பாட்டியின் ரூபாய்க்கும் இதே ஆண்டுகளில்தான் முடிவு வந்தது. 1940இல் பிரான்சு வீழ்ந்த செய்தி கேட்டு மக்கள் மீண்டும் வெள்ளியைத் தேடினர். அரசாங்கம் புதிய ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தது. 1941 முதல் 1943 வரை படிப்படியாகப் பழைய வெள்ளி ரூபாய்களைச் செல்லாதவை ஆக்கியது. 1940இல் மறுபடி வந்த ஒரு ரூபாய் நோட்டு விந்தையானது. அதில் 'தருவதாக வாக்களிக்கிறேன்' என்ற வாசகம் இல்லை. சட்டத்தின் பார்வையில் அது நோட்டே அல்ல, ரூபாய் நாணயம். இன்றுவரை அப்படித்தான், அதில் கையெழுத்திடுபவர் ரிசர்வ் வங்கி ஆளுநர் அல்லர், நிதித்துறைச் செயலர். பாட்டி தன் ரூபாயைக் கொடுத்து மாற்றிக்கொள்ளவில்லை. செல்லாக்காசாகவே அதை வைத்துக்கொண்டாள்.

போர் முடிவில் பிரித்தானியா இந்தியாவுக்குப் பட்டிருந்த கடன் சுமார் 130 கோடி பவுண்டு. நூற்றாண்டுக் காலம் கடன்காரனாக இருந்த நாடு கடன் கொடுத்த நாடாகிவிட்டது என்று சிலர் பெருமை பேசினர். கொடுத்தது எப்படி என்பதை மேலே கண்டோம். 1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன்வுட்ஸில் 44 நாடுகள் கூடிப் பன்னாட்டுப் பண நிதியத்தை வகுத்தபோது, இந்தியக் குழுவினர் இந்தத் தொகையின் ஒரு பகுதியையேனும் டாலராக மாற்றித் தர நிதியம் வழிசெய்ய வேண்டும் என்று வாதாடினர். பிரித்தானியக் குழுவின் தலைவராக அமர்ந்து, அது இரு நாடுகளும் தமக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விவகாரம் என்று மறுத்தவர் கீன்ஸ். ரூபாய் ஒரு சொல் மட்டுமே என்று முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன் விளக்கிய அதே கீன்ஸ்.

அந்த இந்தியக் குழுவில் நம்மவர் ஒருவர் இருந்தார்: கோயம்புத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியார். தமிழிசை இயக்கத்துக்குத் தோள் கொடுத்தவர், சிலப்பதிகாரப் புகார்க் காண்டத்துக்கு உரை எழுதியவர் என்று நம் வட்டத்தினர் அவரை அறிவர். புகாரின் வணிகத்தையும் ஒரு பொற்கொல்லனின் பொய்யையும் உரைக்காக நுணுகிப் படித்தவர், இலண்டனின் கணக்கேட்டையும் அவ்வாறே படித்திருப்பார் என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கும். 1947இல் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரானதும், கடனைக் கேட்டுப் பேசும் பொறுப்பு அவரிடமே வந்தது. கேட்பவருக்குப் படைபலம் இல்லை. சர்ச்சில் போன்றோர், இந்தியாவைக் காத்ததற்கு எதிர்க்கணக்கு எழுத வேண்டும் என்று போர்க்காலத்திலேயே பேசி வந்தனர். 1948 ஜூலையில் இலண்டனில் உடன்பாடு ஆயிற்று. கடன் முழுவதும் ஒப்புக்கொள்ளப்பட்டது, வெட்டு இல்லை. ஆனால் பிரித்தானியர் இங்கே விட்டுச்சென்ற போர்த் தளவாடங்களுக்கு விலையாகச் சுமார் 10 கோடி பவுண்டும், ஆங்கில அதிகாரிகளின் எதிர்கால ஓய்வூதியத்துக்காக அதனினும் பெரிய தொகையும் அந்த இருப்பிலிருந்தே கழிக்கப்பட்டன. எந்த ஓய்வூதியச் சுமைக்காக 1893இல் அக்கசாலைக் கதவை மூடினார்களோ, அந்தக் கணக்கு இங்கேதான் முடிந்தது. மறு மாதம் சண்முகம் செட்டியார் பதவியிலிருந்து விலகினார். அதற்குக் காரணம் வேறு.

1949 செப்டம்பரில் பவுண்டின் டாலர் மதிப்பு 30 விழுக்காடு குறைக்கப்பட்டது. ரூபாயும் உடன் குறைந்தது. இலண்டனில் எஞ்சிய இருப்பு எண்ணளவில் அப்படியே இருந்தது. டாலர் சந்தையில் அது வாங்கக்கூடியது மட்டும் சுருங்கியது. மிச்சத்தை 1950களில் தானியத்துக்கும் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் எந்திரங்களுக்கும் வேகமாக எடுத்துச் செலவழித்தோம். 1958 வாக்கில் பெரும்பகுதி தீர்ந்து, அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து நின்றது.

பாட்டியின் ரூபாய் இப்போது என்னிடம் இருக்கிறது. ஒருமுறை சுண்டிப் பார்த்தேன். நல்ல ஓசை.